கிடார்காரன் குவைத் போன பிறகு

எங்கள் கிடார்காரன் பாலைவனத்தைப் பற்றி ஒரு கேசட் நிறையப் பாட்டு எழுதியிருந்தான். எல்லாம் அவனுக்குத் தெரிந்த அளவு இங்கிலீஷில். கொளுத்தும் வெயில், மணல், ஒட்டகம், தண்ணீர் வற்றிய கிணறு. அவன் அதுவரை பார்த்திருந்த பெரிய மணல்வெளி எண்ணூர் முகத்துவாரம்தான். ஒட்டகத்தைச் சர்க்கஸில் பார்த்திருந்தான். கேசட் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்குக் குவைத்தில் பைப் ஃபிட்டர் வேலைக்கு விசா வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்ததும் எங்கள் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவனின் கடைக்குப் போன் பண்ணினான். நானும் அங்கே இருந்தேன்.

"மச்சி, இங்க ஒண்ணியுமே இல்லடா. மணலுதான் கீது. இதுக்குப் போயி இம்மாம் பாட்டு எழுதிட்டேனே!"

அது இரண்டாயிரம் பிறந்த சமயம். நாங்கள் மூன்று பேர். கிடார் வாசித்துப் பாடியவன் அவன். பேஸ் கிடார் வாசித்தவனுக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சொந்தமாக டயர் கடை இருந்தது. நான் டிரம்ஸ். வார நாட்களில் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுகிற டாலி கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் டயர் கடையின் பின்கட்டில் வாசிப்போம். சுற்றிலும் லாரி டயர்களை அடுக்கி வைத்திருந்ததால் சத்தம் அதிகம் வெளியே போகாது.

நாங்கள் வாசித்தது ராக் இசைதான். ஆனால் ரொம்ப மெதுவானது, ரொம்பக் கனமானது. முழு லோடு ஏற்றிய லாரி ஃபர்ஸ்ட் கியரில் மேம்பாலம் ஏறுவதைப் போல இருக்கும். கிடார்காரனின் மாமா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த உறையில்லாத ஒரு கேசட்டைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டோம். அதில் இருந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் டிரம் பழகியது பள்ளிக்கூட அணிவகுப்பில். லெஃப்ட் ரைட்டுக்கு மேலே என் கைக்கு வேகம் வராது.

கிடார்காரன் போன பிறகு சில வாரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாசித்துப் பார்த்தோம். பேஸும் டிரம்மும் மட்டும் என்றால் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவது போலத்தான் கேட்டது. கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு வாத்தியக் கடையில் காகிதம் எழுதி ஒட்டினோம். 'கிடார் வாசிக்க ஆள் தேவை' என்று நான் எழுதினேன். 'சத்தமாக வாசிக்க வேண்டும்' என்று பேஸ்காரன் கீழே சேர்த்தான்.

ரொம்ப நாள் யாரும் வரவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் டயர் கடை வாசலில் முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் பலகைமேல் பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் படுக்க வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு பெண் மடியில் கிடார் பையோடு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்த பட்டுப் புடவை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. வண்டியை ஓட்டி வந்தவர் இறங்கி லுங்கியை மடித்துக் கட்டினார்.

பேஸ்காரன் அவரிடம் போய் மரியாதையாகக் கேட்டான். "வாங்கண்ணா. எத்தினி வருசமா வாசிக்கிறீங்க?"

"நான் எங்க நைனா வாசிக்கிறேன்? நான் தூக்கிகினு வர்றவன். வாசிக்கிறது இவுங்க."

பெட்டியிலிருந்து இறங்கிய அக்கா தன்னைப் பற்றிச் சொன்னார். ராயபுரத்துக்காரர். ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கிடார் வாசிக்கிறார். கணவர் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் மைக் செட் போடுகிறவர்.

"கோயில்ல சாமியாருங்க மாறிகினே கீறாங்க தம்பி. வர்றவரு எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் சொல்றாரு. 'கொஞ்சம் கம்மி பண்ணிக்கோம்மா.' எனுக்கு ஒரு வாட்டியாவது கம்மி பண்ணாம வாசிக்கணும். சத்தமா வாசிக்கணும்னு எழுதிகீறீங்களே, நெஜமாவா?"

"நெஜம்தாங்க்கா."

"எவ்ளோ சத்தம்?"

"உங்களால எவ்ளோ முடியுமோ அவ்ளோ," என்றான் பேஸ்காரன்.

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் பெட்டியை நிமிர்த்தி ஒயரைச் செருகினார். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிடாரின் எல்லாக் கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தார். அடுக்கின் மேலிருந்த டயர் ஒன்று கீழே விழுந்து, உருண்டு, கதவைத் தாண்டிப் போனது. எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு வெளியே வந்து மேலே பார்த்தார். இடி என்று நினைத்தாராம்.

அக்காவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்ததும், வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். அன்றிலிருந்து அவர் கணவர் எங்களுக்கு மாமா ஆனார்.

அடுத்த ஞாயிறு, பாட்டுகளைக் காட்டுவதற்காக, நாங்கள் கேட்டுக் கற்றுக்கொண்ட அந்த உறையில்லாத பழைய கேசட்டைப் போட்டோம். டேப்ரிக்கார்டரும் கிடார்காரனின் மாமா கொடுத்ததுதான். எங்கள் மைக் செட் மாமா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டேப்பு இழுக்குதே நைனா."

"இல்ல மாமா, பாட்டே அப்டித்தான்."

"இன்னா அப்டித்தான்? பெல்ட்டு லூசாகீது."

அவர் வண்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து டேப்ரிக்கார்டரைத் திறந்தார். உள்ளே ரப்பர் பெல்ட் வெயிலில் கிடந்த ரிப்பன் போலத் தொய்ந்திருந்தது. வேறு பெல்ட் மாட்டி, மூடி, மறுபடி போட்டார்.

அந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வது? பாட்டு குடுகுடுவென்று ஓடியது. வயசான, கனத்த, வாழ்க்கையில் அடிபட்ட ஒரு ஆள் பாடுகிறார் என்று நாங்கள் வருடக்கணக்காக நம்பியிருந்தோம். இப்போது யாரோ ஒரு இளவட்டம் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தான். அந்தக் குரலின் தாழ்ந்த சுருதிக்காகப் பேஸ்காரன் தன் கம்பிகளைத் துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தளர்த்தி வைத்திருந்தான். அவன் தன் கிடாரையும் டேப்ரிக்கார்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ நம்ம கேசட்டு?"

"அதுவும் இழுத்துகினுதான் கீது," என்றார் மாமா. ஆறுதலாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

ஒழுங்கான வேகத்தில் வாசித்துப் பழகலாம் என்றான் பேஸ்காரன். அந்த வேகத்தில் என் கை ஓடாது. கிடார்காரனை இழந்த குழு டிரம்ஸ்காரனையும் இழக்கப்போகிறது என்றே நினைத்தேன். அப்போது அக்கா சொன்னார்.

"கேசட்டுல கீறவன் பஸ்ஸ புடிக்க ஓடறவன் மாதிரி வாசிக்கிறான். நீங்க, பஸ்ஸு போயிட்ச்சி, அடுத்தது வரட்டும்னு நிக்கிறவன் மாதிரி வாசிக்கிறீங்க. எனுக்கு இதான் புடிச்சிகீது. மாத்தாதீங்க."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வேகம் அப்படியே இருந்தது. பாட்டுகள்தான் மாறின. ஒட்டகத்தைப் பற்றித் தனக்குப் பாட வராது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். "எனுக்கு இன்னா தெரியும்? டெய்லி பாக்கிறதுதான் தெரியும்." அவர் எழுதிய முதல் பாட்டு நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பற்றியது. பாட்டு முழுவதும் மொத்தம் இரண்டு வரி. 'டிரெய்லர் நிக்குது. பின்னாடியும் டிரெய்லர் நிக்குது.' அதையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும். இடையில் ஒரே ஒரு இடத்தில் கிடார் கொஞ்சம் முன்னே நகரும். லாரி ஒரு அடி நகர்ந்துவிட்டதாக அர்த்தம். மறுபடி நின்றுவிடும். அந்தச் சாலையில் மாட்டிக்கொண்ட யாருக்கும் அந்தப் பாட்டை விளக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

இன்னொரு பாட்டு, மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது வரும் நாற்றத்தைப் பற்றி. மூன்றாவது, கடல் அரிக்காமல் இருக்கக் கரையெல்லாம் கொட்டிவைத்த பாறாங்கற்களைப் பற்றி. அக்காவின் குரல் கோவில் பாட்டுக்குப் பழகிய மெல்லிய குரல். அந்தப் பயங்கரச் சத்தத்துக்கு நடுவில் அது, கன்டெய்னர்களுக்கு இடையில் யாரோ ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு நடப்பது போல இருக்கும். இப்படி ஒன்று நடக்கும் என்று நாங்கள் யாரும் திட்டமிடவில்லை.

ஆல்பம் போடுவது என்று முடிவானது. வண்ணாரப்பேட்டையில் பக்திப் பாட்டு பதிவு செய்கிற ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. மாமாவுக்குப் பழக்கம். ஸ்டுடியோக்காரர் நெற்றி நிறைய விபூதி வைத்தவர். ஆடி மாதம் அம்மன் பாட்டு, கார்த்திகையில் ஐயப்பன் பாட்டு, டிசம்பரில் மாதா பாட்டு என்று வருடம் முழுக்க அவருக்கு வேலை. ராக் இசையை அவர் அதுவரை பதிவு செய்ததில்லை. கேட்டதும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அக்கா வாசிக்கத் தொடங்கியதுமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கினார். "அம்மா, நிறுத்துங்க. ஒயர் எங்கியோ கட்டாயிருக்கு. கர்ர்ருனு வருது."

"அது அப்டித்தாங்க வரணும்."

"யாராச்சும் வேணும்னே கர்ர்ருனு வாசிப்பாங்களா? இருங்க, பாக்கிறேன்."

ஒயரைக் கழற்றிப் பற்றவைத்தார். மறுபடி வாசித்தோம். மறுபடி கர்ர்ர். வேறு ஒயர் மாற்றினார். அதிலும் கர்ர்ர். மனிதர் வியர்த்துப்போனார். தன் ஸ்டுடியோவின் மானம் போகிறது என்று அவருக்குக் கவலை. மெதுவாக, "கொஞ்சம் கம்மி பண்ணிக்கிட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். மாமா பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்தார்.

"சார், அத்த மட்டும் சொல்லாதீங்க சார்."

பிறகு அவரை உள்ளே அழைத்துவந்து அக்காவின் காலடியில் இருந்த பெடலைக் காட்டினார். அழுத்தினால் கர்ர்ர். மறுபடி அழுத்தினால் தெளிவான, இனிமையான கிடார். ஸ்டுடியோக்காரர் இரண்டையும் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"நல்லாத்தானேம்மா இருக்கு! அப்புறம் எதுக்கு?"

அக்கா கிடாரைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஸ்டுடியோக்காரரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேண்டுதலா?"

அக்கா ஒரு கணமும் தயங்கவில்லை. "ஆமாங்க. வேண்டுதல்தான்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார்.

அலகு குத்திக்கொள்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், இந்த அம்மா கர்ர்ருனு வாசிக்கிறார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை. டிரெய்லர் பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எங்களைக் கேட்காமலே அக்காவின் குரலுக்குச் சாமிப் பாட்டுக்குப் போடுகிற எக்கோவைப் போட்டுவிட்டார். அந்த ஆல்பத்தில் எதுவாவது நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால், அந்த எக்கோவைத்தான் சொல்வார்கள்.

இந்த முறை சி.டி. போட்டோம். 'கல் கொட்டிய கரை' என்று பெயர் வைத்தோம். அட்டைப் படம் மாமா எடுத்தது. கடலோரக் கற்கள், ஓரத்தில் அவருடைய கட்டை விரல்.

சி.டி. எப்படியோ தென்சென்னையில் ஒரு கல்லூரி மாணவரின் கைக்குப் போயிருக்கிறது. இணையத்தில் இசை பற்றி எழுதுகிறவராம். எங்களைப் பார்க்க ஒருநாள் வந்தார். அப்போது நாங்கள் மாமாவின் மைக் செட் குடோனுக்கு மாறியிருந்தோம். சுற்றிலும் பெட்டிகளும் குழாய் ஸ்பீக்கர்களும். ஒல்லியான, மரியாதையான பிள்ளை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நீங்க வாசிக்கறது ஸ்டோனர் ராக், தெரியுமா?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியாது. மாமாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. "ஸ்டோனு. கல்லு. கரெக்டுதான் சார், நம்ம ஏரியா பூரா கல்லுதான் கொட்டிகீறாங்க."

அந்தப் பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைக் குறைத்தார். "இல்ல... நீங்கல்லாம்... யூஸ் பண்ணுவீங்களா?"

"யூஸ் பண்ணாமயா?" என்றார் மாமா பெருமையாக. "நம்மளே வெச்சிகினு கீறோமே. வாடகைக்கும் வுடுறோம்."

"வாடகைக்கா?"

"கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங்கு, எல்லாத்துக்கும் நம்மதான் குடுக்கிறது. கோயிலுக்குக் கூட நம்மளுதுதான் போவுது. உங்களுக்குச் சின்னதா வேணுமா, பெரிசா வேணுமா?"

அந்தப் பிள்ளையின் கண்கள் விரிந்துகொண்டே போயின. பேஸ்காரனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவன் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். நான் அக்காவின் காதில் சொன்னேன், அவர் கேட்பது கஞ்சாவைப் பற்றி என்று. ஸ்டோனர் என்றால் கஞ்சா அடிக்கிறவனாம்.

"அடப்பாவி!" அக்கா எழுந்தே விட்டார். "நான் கவர்மென்ட்டு வேலை பாக்கிறவ! டீ, மசால் வடை, இதத் தாண்டி இந்தக் குடோன்ல ஒண்ணியும் கெடையாது. பழைய கிடார்காரனுக்கு ஆஸ்துமா. ஊதுவத்திகூட ஏத்த முடியாதாம்!"

பிறகு, பயந்துபோயிருந்த பிள்ளைக்கு அந்த டீயையும் வடையையும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பிள்ளை எழுதியதைப் பேஸ்காரன் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்தான். இசையைப் பற்றி ரொம்ப நல்லவிதமாக எழுதியிருந்தார். வடையைப் பற்றியும் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் கிடார்காரன் லீவில் வந்தான். எனக்கும் பேஸ்காரனுக்கும் உள்ளூர நடுக்கம். ஒவ்வொரு முறை போனிலும், "அக்கா சும்மா, நீ வர்ற வரிக்கும்தான் மச்சி" என்று பேஸ்காரன் சொல்லிவைத்திருந்தான். கிடார்காரன் செண்ட் பாட்டில், பேரீச்சம்பழம், பளபளவென்று ஒரு புதுக் கிடார் என்று எல்லாவற்றோடும் குடோனுக்கு வந்து இறங்கினான். அக்கா அவனுக்கு நாற்காலி போட்டார். மாமா சி.டி.யைப் பெரிய பெட்டியில் போட்டார்.

அவன் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தலையைக் குனிந்து கேட்டான். நடுவில் ஒருமுறை ஆஸ்துமா மருந்தை உறிஞ்சிக்கொண்டான். முடிந்ததும், "எம்பாட்டு ஒண்ணுகூட இல்லியா?" என்றான்.

நான் என் டிரம்மின் திருகாணியைத் திருகினேன். பேஸ்காரன் கூரையைப் பார்த்தான்.

"தம்பி," என்றார் அக்கா, "பாலைவனத்துல ஒண்ணுமில்லன்னு நீதான் போன்ல சொன்னியாமே."

அவன் சிரிக்காமல் இருக்க முயன்றான். முடியவில்லை. "ஆமாங்க்கா. மெய்யாலுமே ஒண்ணியும் இல்ல." பிறகு ஏக்கத்தோடு கேட்டான். "அந்த டிரெய்லரு எங்க நிக்குது? டோல்கேட்டாண்டயா?"

"அதே எடந்தான்."

"அங்க பெட்டுல படுத்துகினு அந்த ரோட்டத்தான் நெனைப்பேன்," என்றான். "அந்த டிராபிக்கத்தான்."

அக்கா அவன் புதுக் கிடாரின் ஒயரை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். "ரெண்டு கிடாரு இருந்தா இன்னும் சத்தமா இருக்கும் இல்ல?" அந்த லீவு முழுக்க அவன் எங்களோடு வாசித்தான். டிரெய்லர் பாட்டில் 'பின்னாடியும் டிரெய்லர் நிக்குது' என்கிற வரியை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது பேரீச்சம்பழ டப்பாவைக் காலி செய்து அதில் எங்கள் சி.டி.க்களை அடுக்கி எடுத்துப் போனான்.

அதன் பிறகு நாங்கள் இன்னொரு ஆல்பம் போடவில்லை. அக்காவுக்குப் பிரமோஷனும் இரண்டாவது குழந்தையும் ஒன்றாக வந்தன. எனக்குக் கல்யாணமாகி மாதவரம் பக்கம் குடிபோனேன். குழு கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைகள்தான் வேறு வேலைகளுக்குப் போயின.

சில வருடம் கழித்து வியாசர்பாடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். சாயங்கால ரிசப்ஷன். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சித்தப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று மண்டபத்து ஸ்பீக்கரில் கர்ர்ர் என்றது. டிரெய்லர் பாட்டின் தொடக்கம். என் டிரம். நான்கு அடி, அதன் பிறகு பேஸ். அக்கா பாடத் தொடங்குவதற்குள் நிறுத்திவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நிறுத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில் மாமா, ஒரு காதில் கையை வைத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்ப் பேசினேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எங்க போனாலும் மொதல்ல உங்க பாட்டத்தான் போடுவேன் நைனா. இத்தத் தாங்கிட்ச்சின்னா பொட்டி எத்தயும் தாங்கும்."

கட்சி மீட்டிங், திருவிழா, பூப்புனித நீராட்டு, எல்லா இடத்திலும் அதுதானாம். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எங்கள் ஆல்பத்தைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. எல்லோரும் முதல் அரை நிமிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் மறுபடி கர்ர்ர் என்றது. சித்தப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடா இவன், வந்ததுலேந்து செக்கிங்கே பண்ணிகினு கீறான். பாட்டு எப்பதான் போடுவான்?"

"நல்லா செக் பண்ணட்டும் சித்தப்பா," என்றேன். "இன்னும் கொஞ்சம் வுட்டா பாடவே ஆரம்பிச்சிடுவாங்க."